பெண் மகவின் இதயமும் இதயமே

தாராவியானாலும் மாதுங்காவானாலும் செம்பூரானாலும், நம்மவர் இல்லத்தில் தொட்டில் கட்டும் நாள் திருநாளே. அன்று "ஆணா, பெண்ணா?" என்று வினவாதார் இல்லை. இதே வினாவை வைத்திய ஆராய்ச்சியாளரும் எழுப்புகின்றனர். அவர்கள் கருதுவது வேறு. பிறவியிலேயே இதயக் குறையுடன் தோன்றும் மகவுகளைப் பற்றி அறிய அவ்விடை அவர்களுக்கு உதவுகிறது.

ஆயிரம் குழந்தைகள் பிறந்தால், அவர்களுள் ஏறக்குறைய 8 அல்லது 9 குழந்தைகளுக்கு இதயத்தில் ஏதேனும் ஒரு குறை இருக்கும். அது ஆண், பெண் இருபாலரிடத்தும் உண்டு, வகைதான் வேறுபடும். மேலறைகளுக்கு இடைப்பட்ட சுவரில் துவாரம், பிறந்தபின் மூடவேண்டிய இரத்தக்குழாய் மூடாதிருத்தல் ஆகியவை பெண் மகவுகளிடம் மிகுதி. பெருங்குழாய்கள் இரண்டும் இடம் மாறியிருத்தல், இதயத்தின் இடப்புற வாயில் குறுகியிருத்தல் ஆகியவை ஆண் மகவுகளிடம் மிகுதி.

இனத்திற்கு இனமும் சிறிது வேறுபாடு உண்டு. நுரையீரற் குழாயின் வாயருகே கீழறைச் சுவரில் தோன்றும் ஒருவகைத் துவாரம், மேலைநாட்டாரைவிடச் சீனர், ஜப்பானியரிடம் மிகுதியாகக் காணப்படுகிறது. தென்னாட்டாராகிய நாம் வேறொன்றையும் எண்ணிப் பார்க்கவேண்டும். மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணப்பது நம் பழைய வழக்கம். உறவுக்குள் விவாகம் செய்தோரின் மக்களிடையே இதயக் குறை மிகுதி என்று மைசூரில் நடந்து 2006இல் வெளியான ஆய்வு கூறிற்று. அவ்வாறு மணந்தோரைக் குறைகூற இதைச் சொல்லவில்லை. அவர்கள் வைத்தியரிடம் அவ்வுறவை மறையாது உரைத்தல் நலம் என்பதற்காகவே சொல்கிறோம்.

இயற்கை செய்யும் வேறுபாடு இவ்வளவே. மனிதர் செய்யும் வேறுபாடோ இதனினும் பெரிது. தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் வைத்தியர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வைக் கேளுங்கள்: இதய அறுவை தேவை என்று கூறப்பட்ட ஆண் குழந்தைகளுள் 100க்கு 70 பேர் அதனைப் பெற்றனர், பெண் குழந்தைகளுள் 44 பேரே பெற்றனர். "நெஞ்சில் தழும்பிருந்தால் இவளை யார் கொள்வார்?" என்ற அச்சம் நம் வீடுகளிலும் ஒலிப்பதுண்டு அல்லவா? உயிர் நின்றாலன்றோ விவாகம்!

தாய்மார்களே, பால் குடிக்கையில் குழந்தை களைத்து வியர்க்கிறதா? மூச்சு விரைகிறதா? எடை ஏறவில்லையா? அழும்போது உதடும் நாவும் நீலம் பூக்கின்றனவா? "தானே சரியாகும்" என்று காத்திராமல் உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். தாராவிக்கு அண்மையில் சயான் மாநகராட்சி ஆஸ்பத்திரியும், பரேலில் 1929இல் தோன்றிய வாடியா குழந்தைகள் ஆஸ்பத்திரியும் உள்ளன. பொருளில்லையே என்று மனம் தளரவேண்டா. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரையுள்ளோரின் பிறவிக் குறைகளைக் கண்டறிந்து சிகிச்சைக்கு உதவும் 'ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்த்ய கார்யக்ரம்' என்னும் அரசுத் திட்டம், 2013இல் நம் மகாராஷ்டிரத்துப் பால்கரிலேயே தொடங்கப்பெற்றது. அதுபற்றி ஆஸ்பத்திரியில் தயங்காது கேளுங்கள்.

பிழைப்பை நாடி ஊர் விட்டு வந்த நாம், நம் மக்களின் உயிரைக் காப்பதில் ஆண் என்றும் பெண் என்றும் பாராட்டலாகாது. தொட்டிலில் துடிப்பது எந்த இதயமாயினும் அது நம் இதயமே.