“உங்களுக்கு எந்த ஊர்?”

ஜோகுபாளையத்தில் பல்லாண்டுகளாகக் குடியிருக்கும் தமிழன்பர் ஒருவரை மருத்துவமனையில் “உங்களுக்கு எந்த ஊர்?” என்று கேட்டால், வேலூர் என்றோ தருமபுரி என்றோ விடையளிப்பார். பிறந்த மண்ணின்மீதுள்ள பற்று அத்தகையது. ஆயினும், புற்றுநோய்க் கணக்கில் அவ்விடை பிழையை விளைவிக்கக்கூடும்.

பிரிட்டனில் குடும்ப மருத்துவர்களின் குறிப்புகளைப் புற்றுநோய்ப் பதிவேட்டுடன் இணைத்து ஆராய்கின்றனர். நம் நாட்டில் அத்தகைய தொடர்ச்சியான குறிப்புகள் எல்லோருக்கும் இல்லை. ஆகவே பதிவேட்டு ஊழியர்களே மருத்துவமனைகளுக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் சென்று விவரங்களைத் திரட்டுகின்றனர். இறப்புப் பதிவுகளையும் பார்வையிடுகின்றனர். பெங்களூரில் இப்பணி 1982ஆம் ஆண்டு முதல் கித்வாய் புற்றுநோய் நிலையத்தில் நடைபெறுகிறது. ஒரே நோயாளி மூன்று மருத்துவமனைகளை நாடியிருந்தால், பெயர், வயது, முகவரி ஆகியவற்றை ஒப்பிட்டு ஒருவராகவே எண்ணுவர்.

ஓராண்டில் புதிதாக நோயுற்றோர் இலட்சம் பேருக்கு எத்தனை பேர் என்பதே நிகழ்வு வீதம். ஓராண்டேனும் நகரில் வாழ்ந்தவரே நகரவாசியாகக் கொள்ளப்படுவார். நம் அன்பரை மக்கள்தொகைக் கணக்கு பெங்களூரில் சேர்த்துவிட்டது. மருத்துவமனை ஏடோ வேலூரில் சேர்க்கிறது. இத்தகையோர் பலராயின், நகரில் நோய் உள்ளதைவிடக் குறைவாகத் தோன்றும். எந்தப் புற்று எங்கே மிகுகிறது, சோதனை வசதிகளை எங்கே அமைப்பது என்பனவற்றை ஆராய்வோர்க்கு இக்கணக்கே அடிப்படை.

ஆதலின் நேயர்களே, மருத்துவமனையில் இப்போது வாழும் தெருவின் பெயரையும், அங்கே வாழ்ந்துவரும் காலத்தையும் முதலில் கூறுங்கள். பிறந்த ஊரை அதன்பின் சொல்லலாம்.