'சூரணம் அப்படியே இருக்கு டாக்டர்!'

சேலையூரில் தனியாக வசிக்கும் ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா. வயது 68. கணவர் காலமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒரே மகன் அமெரிக்காவில்.

"ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துடுது டாக்டர். அப்புறம் ஃபேனைப் பார்த்துகிட்டே படுத்திருக்கேன். பசியே எடுக்கறதில்லை. ஒருத்திக்காக என்னத்த சமைக்கிறதுன்னு ரெண்டு பிஸ்கட்டோட முடிச்சுக்கறேன்" என்றார்.

நாடி பார்த்தேன். வாதம் மேலோங்கி இருந்தது. அமுக்கரா சூரணத்தைப் பாலில் கலந்து சாப்பிடச் சொன்னேன். "தினமும் காலையில் நடங்க, வேளாவேளைக்குச் சாப்பிடுங்க" என்று, எல்லா டாக்டர்களும் பாடுகிற பாட்டை நானும் பாடி அனுப்பினேன்.

மூன்று மாதம் கழித்து வந்தார். முகத்தில் களை! எடை கூடியிருந்தது. தூக்கம் நன்றாக வருகிறதாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் நின்ற ஜூனியரிடம், "பார்த்தியாப்பா, அமுக்கரான்னா சும்மாவா?" என்றேன்.

டீச்சரம்மா சங்கடத்தோடு நெளிந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க டாக்டர். சூரணம் அப்படியே இருக்கு. ரெண்டு நாள் சாப்பிட்டேன், அப்புறம் மறந்துட்டேன். நம்ம வீட்டுக்கு மணி வந்துடுச்சு, அதான்..."

மணி யார் என்கிறீர்களா? ஐப்பசி மழையில் மாடிப்படிக்கடியில் ஒண்ட வந்த தெருநாய்க் குட்டி. நம் ஊரில் பாதி நாய்களுக்கு அதுதானே பேர்!

ஒரு நாய்க்குட்டியிடம் நான் தோற்றுப்போனேன். ஏன் தோற்றேன் என்று அவரிடமே விசாரித்தேன். காலை ஐந்தரைக்கு மணி கதவைப் பிராண்டுமாம். எழுந்தே ஆக வேண்டும். அதை வெளியே கூட்டிப்போய்த் திரும்பினால் முக்கால் மணி நேர நடை. அதற்குச் சோறு வடிக்கிற சாக்கில் தனக்கும் ஒரு குழம்பு, ஒரு பொரியல். சாயங்காலம் மறுபடி நடை. இரவு ஒன்பதரைக்கெல்லாம் கண் சொக்கிவிடுகிறது.

தேரையர் 'நோயணுகா விதி'யில் சொல்லியிருப்பதும் இந்த ஒழுங்கைத்தான். நேரத்துக்கு உண்ண வேண்டும், இரவில் உறங்க வேண்டும், உண்டபின் சற்று நடக்க வேண்டும். இதை நான் சீட்டில் எழுதிக் கொடுத்தால் யார் கேட்கிறார்கள்? மணி சீட்டு எழுதவில்லை. வாசலில் வந்து நின்றது.

நாய் நம்மிடம் பிரியமாக இருக்கிறது, அதனால் மனசுக்கு ஆறுதல் என்பார்கள். அது பாதி உண்மைதான் என்பது என் அபிப்பிராயம். பிள்ளைகள் பறந்துபோன பிறகு பெரியவர்களை வாட்டுவது 'நமக்கு யாரும் இல்லையே' என்பதை விட, 'நாம் யாருக்கும் தேவையில்லையே' என்பதுதான். நம் தாம்பரம், குரோம்பேட்டை, சிட்லபாக்கம் பக்கம் இப்படி எத்தனை வீடுகள்! மூன்று படுக்கையறை, இரண்டு பெரியவர்கள், ஒரு வாட்ஸ்அப் கால். அந்த வீட்டில் ஒரு ஜீவன், 'நீ எழுந்தால்தான் எனக்குப் பொழுது விடியும்' என்று காத்திருந்தால், அதைவிட என்ன மருந்து வேண்டும்?

ஆராய்ச்சியாளர்களும் இதைத் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் எரிகா ஃப்ரீட்மன் என்பவரும் அவருடைய குழுவினரும், இதய நோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்து வீடு திரும்பிய 92 பேரை ஒரு வருடம் கவனித்து, 1980-ல் முடிவை வெளியிட்டார்கள். வீட்டில் நாயோ வேறு பிராணியோ வளர்த்த 53 பேரில் அந்த ஒரு வருடத்தில் இறந்தவர்கள் 3 பேர். வளர்க்காத 39 பேரில் இறந்தவர்கள் 11 பேர். உடனே நாய் வாங்கினால் மாரடைப்பு வராது என்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்க இதயச் சங்கம் 2013-ல் இந்த மாதிரி ஆய்வுகளையெல்லாம் அலசிவிட்டு, நாய் வளர்ப்பது இதயத்துக்கு நல்லது செய்யக்கூடும், ஆனால் அதற்காகவே நாய் வாங்க வேண்டாம் என்று நிதானமாகத்தான் சொன்னது.

எனக்குப் பிடித்தது ஜப்பானியர்களின் ஆய்வு. 2015-ல் வந்தது. நாயும் வளர்ப்பவரும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால், இருவர் உடலிலும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் கூடுகிறதாம். தாய் குழந்தைக்குப் பாலூட்டும்போது சுரப்பதும் இதே ஹார்மோன்தான். மனிதர் வளர்த்த ஓநாய்களையும் வைத்துப் பார்த்தார்கள். அவற்றிடம் இது நடக்கவில்லை. டீச்சரம்மாவிடம் இதைச் சொன்னேன். "இதுக்கு ஜப்பான் வரைக்கும் போகணுமா டாக்டர்?" என்று சிரித்தார்.

நாய் வளர்க்க ஆசை வந்துவிட்டதா? சற்று பொறுங்கள்.

அறுபதைத் தாண்டியவர்கள் பெரிய, முரட்டு ஜாதி நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். பூனையைப் பார்த்து அது ஒரு இழு இழுத்தால் இடுப்பெலும்பு போச்சு! இரண்டு மாதக் குட்டியை விட, வளர்ந்து அடங்கிய நாய் வயதானவர்களுக்கு நல்லது. வீட்டில் வீசிங் உள்ளவர் இருந்தால், நாய் வளர்க்கும் வீட்டில் சில தடவை போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சைபீரியன் ஹஸ்கியை வாங்கித் தாம்பரம் வெயிலில் கட்டிப்போடுவது பாவம். நம் ராஜபாளையம், சிப்பிப்பாறை எல்லாம் இந்த மண்ணின் வெயில் அறிந்தவை. ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால்தலையே வெளியிட்டார்கள். ஆனால் அவை ஓட இடம் கேட்கும். ஃப்ளாட்டுக்கு ஒரு சாதாரண நாட்டு நாய் போதும்.

இன்னொன்று. சின்ன வெங்காய சாம்பார் சாதத்தை மீந்துவிட்டதே என்று நாய்க்குப் போடாதீர்கள். வெங்காயம் நமக்கு மருந்து, நாய்க்கு விஷம். அதன் ரத்த அணுக்களைச் சிதைத்துவிடும்.

இனி வருவதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். நாய் கடித்துவிட்டால் என்னைப் போன்ற சித்த மருத்துவரிடம் வரவேண்டாம். நானே சொல்கிறேன். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள், பச்சிலை எதையும் கடிவாயில் வைக்காதீர்கள். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசி போடுங்கள். 'இது நம்ம வீட்டு நாய்தானே, லேசான கீறல்தானே' என்று இருந்துவிடக் கூடாது. காயம் ஆழமாக இருந்தால் கடிவாயிலேயே இன்னொரு ஊசியும் உண்டு. ஊசியை ஒரு தவணை விடாமல் முடியுங்கள். வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் எந்த வைத்திய முறையாலும் காப்பாற்ற முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாய்க்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு டாக்டர் சொல்கிறபடி வருடா வருடம். இதற்குச் சோம்பல் படுகிறவர் நாய் வளர்க்க வேண்டாம்.

ஃப்ளாட்டில் அசோசியேஷன்காரர்கள் நாயே கூடாது என்கிறார்களா? குடியிருப்போர் சங்கம் அப்படித் தடை போட முடியாது என்று இந்தியப் பிராணிகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் தந்திருக்கிறது. அந்த வாரியம் 1962-ல் நம் ருக்மிணி தேவி அருண்டேல் முயற்சியால் உருவானது. அதே சமயம், நடைபாதையில் நாய் அசிங்கம் செய்தால் அள்ள வேண்டியது நம் பொறுப்பு. அதைச் செய்தாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

நான் செய்த ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். முடிச்சூரில் ஒரு பெரியவர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் படகு வந்தபோது, நாயையும் ஏற்றினால்தான் வருவேன் என்று மொட்டை மாடியிலேயே உட்கார்ந்துவிட்டவர். சில வருடங்கள் கழித்து அந்த நாய் செத்துப்போனது. சாப்பாடு இறங்கவில்லை, நெஞ்சு கனக்கிறது என்று வந்தார். நான் ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "நாய்தானே சார், இன்னொண்ணு வாங்கிக்குங்க" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார். திரும்ப என்னிடம் வரவில்லை.

வீட்டிலும் இதைத்தான் சொல்கிறோம். 'நாய்க்காகவா இப்படி அழறீங்க?' செங்கம் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. 7-ஆம் நூற்றாண்டு, மகேந்திரவர்ம பல்லவன் காலம். சண்டையில் இறந்த வீரனோடு, திருடர்களைக் கடித்துக் காவல் நின்ற அவன் நாயையும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். 1,400 வருடத்துக்கு முன்னால் நம் ஜனங்கள் ஒரு நாய்க்குக் கல் நட்டிருக்கிறார்கள். நாம் நான்கு நாள் அழுவதைக் கேலி செய்கிறோம்! வீட்டுப் பெரியவர் இப்படித் துக்கத்தில் இருந்தால் அழவிடுங்கள், அந்த நாயைப் பற்றிப் பேசவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கமும் சாப்பாடும் இல்லையென்றால் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். புது நாய் வேண்டுமா என்பதை அவரே சொல்லட்டும்.

டீச்சரம்மா போன மாதம் வந்திருந்தார். இப்போது வயது 72. ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருக்கும்போது மெதுவாகக் கேட்டார். "எனக்கு ஏதாவது ஆச்சுன்னா மணியை யார் டாக்டர் பார்த்துக்குவா? மகன் பெங்களூருக்கு வந்து செட்டில் ஆகப் போறானாம். என்னைக் கூப்பிடறான். நாயைப் பத்திப் பேச்சே எடுக்கலை."

"நீங்க எடுங்க. 'நான் வரணும்னா அதுவும் வரும்'னு இப்பவே சொல்லிடுங்க. பக்கத்து வீட்டுல ஒருத்தரையும் பழக்கி வைங்க. ஊசிச் சீட்டை ஒரு கவர்ல போட்டு அவங்ககிட்ட ஒரு பிரதி கொடுத்து வைங்க" என்றேன்.

"மாடி வீட்டுப் பையன்கிட்ட நல்லா ஒட்டிக்கும்" என்று யோசித்தார். சட்டென்று கடிகாரத்தைப் பார்த்தவர், கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "மணி அஞ்சாச்சே! கேட்டுகிட்ட வந்து நின்னுருக்கும் டாக்டர். சீட்டை நாளைக்கு வாங்கிக்கறேன்."