பிறப்பதற்கு முன் அமையும் பாதுகாப்பு: சிசுநோய்த் தடுப்பு மருந்தாய்வு பற்றிய ஒரு நோக்கு

பிறந்த சிசுக்களைப் பீடிக்கும் பற்றீரிய நோய்களுள், பி பிரிவு ஸ்ரெப்ரோகொக்கஸ் என்னும் கிருமி விளைவிக்கும் நோயினை நாம் இங்கு நோக்குவோம். பெண்கள் பலரின் குடலிலும் பிறப்புவழியிலும் தீங்கின்றி உறையும் இக்கிருமி, மகப்பேற்றின்போது சிசுவைத் தொற்றிக் குருதியையும் மூளையுறையையும் தாக்கவல்லது. 2020ஆம் ஆண்டில் ஏறத்தாழ 90,000 சிசுக்கள் இதனால் இறந்தன என உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. நோய்ச்சுமையில் ஏறத்தாழ அரைவாசியைச் சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆபிரிக்க நாடுகளே தாங்குகின்றன.

சிசுவுக்கே தடுப்பு மருந்தை ஏற்றினால் போதாதா என்ற வினா எழலாம். தடுப்பு மருந்து பயன்தர வாரங்கள் செல்லும். நோயோ முதல் நாளிலேயே தாக்கக்கூடும். எனவே பாதுகாப்பு தாயிடமிருந்தே வரவேண்டும். ஐக்கிய அமெரிக்காவில் கரோல் பேக்கர், டெனிஸ் காஸ்பர் ஆகியோர் 1976இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அடிகோலியது. கிருமியின் மூன்றாம் வகையைச் சூழ்ந்துள்ள பல்சக்கரைட்டு உறைக்கு எதிரான பிறபொருளெதிரி தாயிடம் குறைந்திருப்பின், சிசு நோயுறும் வாய்ப்பு மிகுதி என அவர்கள் காட்டினர். பிறபொருளெதிரி சூல்வித்தகத்தினூடாகச் சிசுவைச் சென்றடைவதே இதன் காரணமாகும். கருவுற்ற பெண்களுக்கு அப்பல்சக்கரைட்டை ஏற்றிய ஆய்வின் முடிவு 1988இல் வெளியாயிற்று. தனிப் பல்சக்கரைட்டு அனைவரிடத்தும் போதிய எதிர்விளைவைத் தூண்டாமையால், பின்னர் அது புரதத்துடன் பிணைக்கப்பட்டது.

எனினும் 2024 வரை இந்நோய்க்கு அங்கீகாரம் பெற்ற தடுப்பு மருந்து எதுவும் வெளிவரவில்லை. இதற்குக் காரணங்கள் சில உள. கிருமியின் உறை பத்து வகைப்படும். நோய் ஆயிரத்தில் ஓரிரு சிசுக்களுக்கே நேர்வதாகையால், மருந்தின் பயனை நேரடியாக நிறுவப் பல்லாயிரம் தாய்மாரை ஆய்வுக்குட்படுத்த வேண்டும். ஆகவே எவ்வளவு பிறபொருளெதிரி இருப்பின் சிசு காக்கப்படும் என்ற அளவுகோலைக் கண்டறிவது முதன்மை பெற்றுள்ளது. கலாநிதிப் பட்ட ஆய்வாளர்கள் ஆய்வுகூடத்தில் அளந்து குறிக்கும் சிறு எண்களின் பெறுமதி இங்குதான் புலப்படுகின்றது. தென்னாபிரிக்காவில் ஆறு வகைகளை உள்ளடக்கிய மருந்தொன்றைப் பரிசோதித்து 2023இல் வெளியிட்ட ஆய்வும் இவ்வழியையே பின்பற்றியது.

சமூகக் காரணமும் உண்டு. 1961இல் தலிடோமைட்டின் கேடு வெளிப்பட்டபின், கருவுற்ற பெண்ணை மருந்தாய்விலிருந்து விலக்குவதே பாதுகாப்பெனக் கருதப்பட்டது. வசதிபடைத்த நாடுகள் பேற்றின்போது நுண்ணுயிர்கொல்லி வழங்கி முதல் வாரத்து நோயைப் பெரிதும் குறைத்தன. அதன்பின் தோன்றும் நோய் அதனால் தடுக்கப்படவில்லை. பரிசோதனை வசதியற்ற நாடுகளுக்கோ அவ்வழியும் எளிதன்று. விலக்கிவைத்தல் தாயையும் சிசுவையும் காக்கவில்லை. அவர்களை அறிவியலின் பயனிலிருந்து அகற்றியது என்பதே எமது கருத்தாகும்.