துரியோதனன் முகத்துச் சிவப்பு

பங்குனி பிறந்து, அறுவடை முடிந்த வயல்கள் வெயிலில் வெடிக்கத் தொடங்கியதும், உத்திரமேரூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் திரௌபதியம்மன் கோயில்களில் கொடியேறும். பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் பாரதக் கூத்துமாக, ஆடி மாதம் வரையில், ஏதேனும் ஓர் ஊரில் ஏதேனும் ஒரு ஜமா, அதாவது கூத்துக் குழு, விடிய விடிய ஆடிக்கொண்டே இருக்கும். பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டைக் காண்பதற்காகத் தொலைவிலிருந்து வருகிறவர்கள் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு அந்திக்குள் திரும்பிவிடுகிறார்கள். அவர்களில் சிலரேனும் இரவு தங்கி, சேயாற்றுப் பக்கத்துக் கிராமமொன்றில் கூத்துத் திரைக்கு முன்னால் மண்தரையில் உட்கார்ந்திருப்பார்களேயானால், ஒரு பாத்திரத்தின் ஸ்வபாவத்தை அது வாய் திறப்பதற்கு முன்பே முகத்து வர்ணத்தால் சொல்லிவிடுகிற பழைய வித்தையொன்று இன்னும் உயிரோடிருப்பதைக் கண்டிருப்பார்கள்.

இதைப் பற்றி இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. கூத்துக் களரியில் முன்வரிசையைப் பிடித்துக்கொண்டு உட்காரும் பிள்ளைகளில் பலர் மங்கா என்னும் ஜப்பானியச் சித்திரக் கதைகளிலும், அவற்றிலிருந்து பிறந்த அசைபடங்களிலும் ஊறியவர்கள். நருட்டோ தமிழ் பேசித் தொலைக்காட்சியில் வந்துவிட்டான். ‘டீமன் ஸ்லேயர்’ படமொன்று 2025ஆம் ஆண்டில் தமிழ்க் குரலோடே திரையரங்குகளுக்கு வந்தது. பச்சையும் கறுப்புமாகக் கட்டமிட்ட மேலங்கி என்றால் தஞ்சிரோ, ஆரஞ்சு நிற உடுப்பு என்றால் நருட்டோ, கறுத்த தலைமயிர் திடீரென்று பொன்னிறமானால் ‘டிராகன் பால்’ கதையின் கோக்குவின் சினம் எல்லை கடந்துவிட்டது என்பதையெல்லாம் அவர்களுக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவேண்டியதில்லை. அப்படிப்பட்ட பிள்ளையொருவன் துரியோதனனுக்கு மட்டும் ஏன் சிவந்த முகம் என்று கேட்டால், அவன் கெட்டவன், அதனால்தான் என்று பெரியவர்கள் ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அந்த விடை போதாது. போதாதது மட்டுமன்று, கூத்துக்கு அநீதி இழைப்பதும் ஆகும் என்பது என் துணிபு.

அந்தச் சிவப்பு உண்டாகிற இடத்திலேயே அதைப் பார்க்கவேண்டும். கோயிலை அடுத்த கீற்றுமறைப்பிலோ பள்ளிக்கூடத் தாழ்வாரத்திலோ பாய் விரித்து, கண்ணாடித் துண்டொன்றை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, வேஷக்காரர் தம் முகத்தைத் தாமே எழுதிக்கொள்கிறார். முதலில் தேங்காயெண்ணெய் தடவிய தோலின்மேல் குழைத்த சிவப்பை உள்ளங்கையால் நெற்றியிலிருந்து தாடை வரையில் ஒரே சீராக இழுத்துவிடுகிறார். அது காயுமுன் மையைத் தொட்டுப் புருவத்தை இரண்டு பங்கு பெரிதாக்குகிறார். மீசை காதை நோக்கிச் சுருண்டு ஏறுகிறது. பிறகு ஈர்க்கொன்றின் முனையை முத்துவெள்ளையில் தோய்த்து, புருவத்துக்கு மேலும் கன்னத்தின் ஓரத்திலுமாக வெள்ளைப் புள்ளிகளை வரிசையாக வைத்துக்கொண்டு போகிறார். இந்தப் புள்ளிகளை அருகிலிருந்து பார்த்தால் வெறும் அலங்காரமாகத்தான் தோன்றும். இருபது முப்பது அடி தள்ளிப் போய் நின்று பார்க்கும்போதே, அவை இல்லாவிட்டால் சிவந்த முகம் இருளோடு கலந்து உருவிழந்து போகும் என்பது புலனாகும். அதன் பின்னர்தான் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லுகளும் வர்ணக் காகிதமும் ஒட்டிய கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் ஆகியவற்றை உடம்போடு சேர்த்துக் கட்டுகிறார்கள். இலேசான மரம் என்றாலும், ஓரிரவு முழுதும் அதைச் சுமந்து சுழன்று ஆடுவது எளிதன்று. இக்கூத்துக்கு வழங்கும் கட்டைக்கூத்து என்ற பெயருக்கு இந்த மரக்கட்டைகளே காரணம்.

வேஷம் முடிந்தவுடன் பாத்திரம் நேரே களரிக்குள் வந்துவிடுவதில்லை. இருவர் ஒரு திரையைப் பிடித்து நிற்க, கட்டியக்காரன் வெளியே நின்று வருகிறவர் யாரென்று வினவ, முகவீணையும் ஹார்மோனியமும் மிருதங்கமும் மேலேறிக்கொண்டே போக, திரைக்குப் பின்னாலிருந்து குரலும் சலங்கையும் மட்டும் கேட்கும். கிரீடத்தின் உச்சி தெரியும். திரை சிறிது தாழ்ந்து மீண்டும் ஏறும். பார்க்கிறவர்களின் ஆவலை இவ்வளவு தூரம் வளர்த்த பிறகு திரை விலகும்போது, அந்த முழுச் சிவப்பு வெளிச்சத்தில் பாய்ந்து வருவதைப் போல் வருகிறது. மங்காக்காரர்கள் பக்கத்தைப் புரட்டியவுடன் ஒரு வீரனை முழுப்பக்க அளவில் நிறுத்துவதற்குச் செய்யும் உபாயமும் இதுவே.

பரதமுனிவரின் நாட்டிய சாஸ்திரம் ஒவ்வொரு ரசத்துக்கும் ஒரு வர்ணத்தை வகுத்திருக்கிறது. சிருங்காரத்துக்குச் சியாமம், ஹாஸ்யத்துக்கு வெண்மை, கருணைக்குப் புறாவின் சாம்பல் நிறம், வீரத்துக்குப் பொன்மை கலந்த கௌரம், பயானகத்துக்குக் கருமை என்று அடுக்கிக்கொண்டு வரும்போது ரௌத்திரத்துக்குச் சிவப்பைச் சொல்கிறது. ரௌத்திரம் என்பது ஒரு ரசம். அது பாவமும் அன்று, தண்டனையும் அன்று. எவன் உள்ளத்தில் சினமும் மானமும் அடங்காமல் கொதிக்கின்றனவோ அவனுக்குரிய வர்ணம் அது. துகில் பற்றி இழுக்கப்பட்டுச் சபையில் நின்ற பாஞ்சாலியின் சினத்துக்கும் இதே ரசந்தான் பெயர். கேரளத்துக் கதகளியில் இதே துரியோதனன் கத்தி வேஷத்தில் வருகிறான். அங்கே பச்சை அரசர்க்கும் உத்தமர்க்கும் உரியது, அதன் நடுவே மூக்கிலும் கன்னத்திலும் சிவப்புக் கீறல்கள் அவன் அகந்தையைக் காட்டுகின்றன. ஒரே மனிதனை மலைக்கு அப்பால் பச்சையில் சிவப்பாகவும், இப்பால் முழுச் சிவப்பாகவும் எழுதுகிறார்கள் என்றால், கெட்டவனுக்குச் சிவப்பு என்ற வாய்பாடு எவ்வளவு ஆட்டங்கொடுக்கிறது பாருங்கள்.

ஜப்பானுக்குப் போனால் அது தலைகீழாகவே கவிழ்ந்துவிடுகிறது. அங்கே கபூக்கி என்னும் நாடகத்தில் குமதோரி என்றொரு முகவெழுத்து முறை உண்டு. முதலாம் இச்சிகாவா தஞ்சூரோ என்ற நடிகர் 1673ஆம் ஆண்டில் மேடையேறியபோது தொடங்கியதாகச் சொல்லப்படும் அம்முறையில், வெள்ளை பூசிய முகத்தின்மேல் தசைநார்களும் இரத்த நாளங்களும் புடைத்தெழுந்தாற்போலக் கோடுகளை இழுக்கிறார்கள். செங்கோடு நீதிக்காகப் பொங்கியெழும் வீரனுக்குரியது; நீலக்கோடு வஞ்சகனுக்கும் ஆவிகளுக்கும் உரியது; பழுப்பு அரக்கர்க்கும் பூதங்களுக்கும். ‘ஷிபாராக்கு’ என்ற பெயர்பெற்ற நாடகத்தில் எளியோரைக் காக்க வருகிற வீரன் செங்கோடுகளோடு வருகிறான். கொடுங்கோல் செலுத்துகிற பிரபுவின் முகத்தில் நீலம் ஓடுகிறது. நீலமேக சியாமளனைக் குலதெய்வமாகக் கொண்டாடுகிற நம்மவர்களால் நீலத்தை வஞ்சகத்துக்கு ஒப்பவே முடியாது. வர்ணத்துக்குத் தானாக ஒரு பொருள் கிடையாது. முகத்தை எழுதுகிறவனும் அதைப் பார்க்கிறவனும் தலைமுறை தலைமுறையாகச் செய்துகொண்ட உடன்படிக்கையே அதன் பொருள்.

அந்த உடன்படிக்கை மங்காவிலும் தொடர்கிறது. ஆனால் மங்கா பெரும்பாலும் கறுப்பு மையில் மட்டுமே அச்சாவது. ‘ஷோனென் ஜம்ப்’ போன்ற வாரப் பத்திரிகைகள் முரட்டுத் தாளில் அச்சிடப்பட்டு, அட்டைக்கும் தொடக்கத்துச் சில பக்கங்களுக்கும் மட்டுமே வர்ணம் பெறுகின்றன. சிவகாசியிலிருந்து 1972ஆம் ஆண்டில் ‘இரும்புக்கை மாயாவி’யோடு புறப்பட்ட முத்து காமிக்ஸைப் படித்து வளர்ந்த தலைமுறைக்கு, வர்ண அட்டைக்குள் கறுப்பு வெள்ளை உலகம் என்பது பழகிய விஷயந்தான். அகிரா தொரியாமா 1984ஆம் ஆண்டில் தொடங்கிய ‘டிராகன் பால்’ கதையில் கோக்குவின் மயிர் பொன்னிறமானதற்கு அவரே சொன்ன காரணம் ஒன்று உண்டு: வாராவாரம் அந்தக் கறுத்த மயிருக்கு மை நிரப்புவதில் உதவியாளருக்கு வெகுநேரம் போயிற்று, பொன்மயிர் என்றால் தாளை வெறுமையாகவே விட்டுவிடலாம். வேலையைக் குறைப்பதற்காக விட்ட வெண்மை, உலகெங்குமுள்ள பிள்ளைகளுக்குச் சினத்தின் உச்சியைக் குறிக்கும் சின்னமாகிவிட்டது. மங்கா சித்திரக்காரராகிய இஷினோமோரி ஷோத்தாரோ 1975ஆம் ஆண்டில் தொலைக்காட்சிக்காகச் சிருஷ்டித்த ‘கோரெஞ்சர்’ என்ற ஐவர் படையிலோ, சிவப்பு தலைவனுக்கு என்று ஆயிற்று. நீலம், மஞ்சள், இளஞ்சிவப்பு, பச்சை அவனைத் தொடர்ந்தன. கபூக்கி வீரனின் செந்நிறத்தையே நான் அங்கே காண்கிறேன்.

சௌகரியம் சின்னமாவது கூத்திலும் நிகழ்ந்திருக்கிறது. கண்ணனுக்கு இங்கே பச்சை முகம். பல ஜமாக்களில் அருச்சுனனும் பச்சையிலோ நீலத்திலோ வருகிறான். கார்வண்ணன் என்று பாடிவிட்டு அவனுக்குப் பச்சை பூசுவானேன் என்று கேட்கலாம். எண்ணெய்ப் பந்தத்தின் வெளிச்சம் மஞ்சளும் செம்மையும் கலந்தது; அதில் சிவப்பு கொழுந்துவிட்டு எரியும், சுத்தமான நீலமோ கறுத்து அவிந்துபோகும். அரிதாரத்தின் மஞ்சளை அவுரி நீலத்தோடு சேர்த்துக் குழைத்த பச்சையே அந்த ஒளியில் நீலத்தின் ஸ்தானத்தில் நின்று பிழைத்தது என்பது என் அபிப்பிராயம். கும்மிருட்டு, காற்றில் அலைகிற சுடர், தூரத்தில் கட்டிலை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கும் கிழவரின் மங்கிய கண் ஆகிய இவற்றுக்கெல்லாம் ஈடுகொடுத்த வர்ணங்களே கூத்தில் தங்கின.

துரியோதனனுடைய சிவப்பின் முழுப்பொருளையும் அறிய, திருவிழாவின் கடைசி இரவாகிய பதினெட்டாம் போருக்குப் போகவேண்டும். தம்பியர் அனைவரையும் இழந்து, கர்ணனை இழந்து, நீருக்குள் போய் ஒளிந்துகொள்ளுகிற அரசனாக அவன் வருகிறான். முன்பு சூதாட்டத்தில் எக்காளமிட்ட அதே செம்முகம் இப்போது புலம்புகிறது. வேர்வையில் வெள்ளைப் புள்ளிகள் கரைந்து ஒழுகி, சிவப்பு கழுத்துக்கு இறங்கியிருக்கும், குரல் கம்மியிருக்கும். சினத்துக்காகப் பூசிய வர்ணத்தின்மேல் துக்கம் ஏறும்போது உண்டாகிற உணர்ச்சி, சாந்தமான முகமொன்று அழுவதைக் கண்டு உண்டாவதைவிடப் பன்மடங்கு வலியது. அவன் கெட்டவன் என்று மட்டும் கற்ற பிள்ளைக்கு இந்த இடம் விளங்காது. கொதிப்பவன் என்று கற்ற பிள்ளைக்கு விளங்கும்.

பொழுது விடிந்ததும் படுகளம். கோயில் வெளியில் மண்ணால் செய்து மல்லாக்கக் கிடத்தியிருக்கும் மாபெரும் துரியோதனன் உருவத்தைச் சுற்றி வீமனும் அவனுமாக வேஷக்காரர்கள் ஓடுகிறார்கள். வீமன் அந்த மண்தொடையில் அடிக்க, உள்ளே புதைத்து வைத்திருக்கும் செந்நீர் வெளிப்படுகிறது. அதைத் தொட்டுத் திரௌபதி தன் கூந்தலை முடிகிறாள். ஓரிரவு முழுதும் முகத்தில் இருந்த சிவப்பு மண்ணுக்கு இறங்கி, அங்கிருந்து அவள் தலைக்கு ஏறுகிறது. அவனுடைய மானத்தின் நிறமும் அவளுடைய சபதத்தின் நிறமும் ஒன்றே என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் புலவரும் சொன்னதில்லை. சுற்றி நிற்கும் பெண்கள் அந்த மண்ணில் ஒரு பிடியை முந்தானையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். வெறும் கெட்டவனின் மண்ணென்றால் யார் அதை வீட்டுக்குள் சேர்ப்பார்கள்?

இக்கலையைக் காப்பாற்றப் பாடுபட்டவர்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். 1990ஆம் ஆண்டில் தோன்றிய கட்டைக்கூத்துச் சங்கத்தின் சார்பில், பெ. இராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் ஒரு குருகுலத்தை 2002 முதல் 2020 வரையில் நடத்தினார்கள். ஆண்களுக்கே உரியதாயிருந்த கட்டை வேஷங்களைப் பெண் பிள்ளைகளும் கட்டி ஆடியது அக்குருகுலத்தின் பெரும் பேறு. தெய்வங்களின் செம்மேனியைப் பாடிய நாட்டில், ஒரு பெண் அந்தச் சிவப்பைப் பூசிக்கொண்டு திரை விலக்கி வருவதைக் கண்டவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள்.

ஆயினும், இப்போது ஊர்களில் நடப்பதொன்று எனக்கு மிகுந்த விசனத்தைத் தருகிறது. பந்தம் போய்ப் பெட்ரோமாக்ஸ் வந்தது. அதுவும் போய்க் குழல்விளக்கு வந்தது. இன்று மைக் செட்காரர் கொண்டுவரும் போக்கஸ் லைட்டுகள் சிவப்பு, பச்சை, ஊதா என்று மாறி மாறிக் களரியின்மேல் சுழல்கின்றன. பச்சை ஒளி விழும் கணத்தில் துரியோதனனுடைய செம்முகம் கறுத்துப் போகிறது. சிவப்பு ஒளி விழுந்தாலோ கண்ணனுடைய பச்சை அவிந்துவிடுகிறது. மணிக்கணக்கில் ஈர்க்கும் மையுமாக உட்கார்ந்து எழுதிய முகத்தை ஒரு பொத்தானால் அழித்துவிடுகிற இந்த வழக்கத்தைக் கோயில் விழாக் குழுவினர் விலக்கவேண்டும். ஜமாவுக்குத் தாம்பூலம் வைக்கும் அன்றே மைக் செட்காரரிடமும் பேசி, கூத்து நடக்கும் நேரத்தில் மஞ்சள் சாய்ந்த ஒரே ஒளி மட்டும், அதுவும் முகத்துக்கு நேராக விழும்படி, போதும் என்று சொல்லிவிடலாம். அதற்குச் செலவு குறையுமேயன்றிக் கூடாது. பெற்றோரும் ஒரு காரியம் செய்யலாம். திரை விலகுமட்டும் காத்திராமல், முன்னிரவிலேயே பிள்ளையை வேஷம் கட்டும் இடத்துக்கு அழைத்துக்கொண்டு போய், வாத்தியாரிடம் அனுமதி கேட்டு, அவர் முகத்தில் முதல் சிவப்பைத் தடவும்போதே பக்கத்தில் உட்காரவைத்துவிடுங்கள்.