மின்னலின் பூச்சியக் கணம்

மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் கண்டியைச் சூழ்ந்த மலைகளின்மேல் பிற்பகல்தோறும் இடிமுகில்கள் திரள்வது வழமையாதலால், விக்டோரியா முதலிய மகாவலி நீர்மின் நிலையங்களிலிருந்து முகடுகளைக் கடந்து செல்லும் மின்கம்பிகளுக்கு மின்னல் ஓயாத இடராகும். அதனை அளப்பதில் பெருந்தடையாவது அதன் வேகத்தைவிட, அது வரும் கணம் எவருக்கும் தெரியாமையே.

மின்னழுத்தம் காலத்தோடு மாறுவதை வரைகோடாகக் காட்டும் அலைவுகாட்டி, மீண்டும் மீண்டும் வரும் அலையை எளிதிற் பிடித்துவிடும். ஒருமுறை தோன்றி மறையும் துடிப்புக்கோ, பதிவுக்குரிய கணத்தை அதற்கு அறிவிக்கும் ட்ரிகர் என்னும் சைகை வேண்டும். வானலையை வாங்கும் அன்ரெனாவின் மின்னழுத்தம் குறித்த மட்டத்தைத் தாண்டியதும் அச்சைகை பிறக்குமாறு அமைக்கலாம். மட்டம் தாழ்ந்தால் தொலைதூர மின்னல்களும் இரைச்சலும் நினைவகத்தை நிரப்பும், உயர்ந்தால் வேண்டிய மின்னலே நழுவும். எவ்வாறு அமைப்பினும் ஒரு சிக்கல் எஞ்சும்: தரையை மின்னல் தாக்கும்போது எழும் பெருந்துடிப்பு சில மைக்ரோ செக்கன்களில் உச்சமடைய, முகிலினுள் அதற்கு வித்திட்ட சிறு துடிப்புகள் பல மில்லிசெக்கன் முன்னரே கடந்துவிடுகின்றன. ஆதலால் இலக்கமுறைக் கருவி எந்நேரமும் பதிந்தும் பழையதை அழித்தும் கொண்டிருந்து, ட்ரிகர் வந்ததும் முந்திய பகுதியை அழியாது காத்து, பிந்தியதையும் குறித்த அளவு பதிந்தபின் நின்றுவிடுகிறது. பெயரளவில் தொடக்கச் சைகையாயினும், அது உண்மையில் நிறுத்தக் கட்டளைக்கே நெருக்கமானது.

கருவிகள் இரண்டாகும்போது, அவை நேரத்தை எண்ணத் தொடங்கும் பூச்சியக் கணமும் ஒன்றாக வேண்டும். வானலை ஒரு மைக்ரோ செக்கனில் ஏறத்தாழ 300 மீற்றர் செல்வதால், 6 கிலோமீற்றர் இடைவெளியுள்ள இரு நிலையங்களை ஒரே துடிப்பு அடையும் நேரங்கள் 20 மைக்ரோ செக்கன் வரை வேறுபடலாம். இத்தகைய வேறுபாடுகளிலிருந்தே மின்னல் விழுந்த இடம் கணிக்கப்படுவதால், ஜீ.பீ.எஸ். செய்மதிகளின் நேரத்தைக்கொண்டு இரு கடிகாரங்களும் இசைவிக்கப்படுகின்றன.

ஆய்வுகூடத்தில் செயற்கை மின்னலைக் கொண்டு காவலிகளைச் சோதிக்கையில் நிலைமை தலைகீழாகிறது. 1.2 மைக்ரோ செக்கனில் உயர்ந்து 50 மைக்ரோ செக்கனில் பாதியாகத் தணியும் நியமத் துடிப்பை மனிதரே ஏவுவதால் கணம் முன்னரே தெரியும்; எனினும் சைகையை மீற்றருக்கு ஏறத்தாழ 5 நனோ செக்கன் தாமதிக்கச் செய்யும் கேபிள்கள் சமநீளமாக இருத்தல் வேண்டும். மேலும், ஏவும் பொத்தானுக்கும் துடிப்பை வெளிவிடும் தீப்பொறி இடைவெளி முறிவதற்கும் இடையிலான தாமதம் ஏவுதோறும் சற்றே மாறுவதால், துல்லியம் வேண்டுவோர் பொத்தானை நம்பாது, துடிப்பின் எழுச்சியிலிருந்தே அலைவுகாட்டிக்கு ட்ரிகர் கொடுக்கின்றனர்.