முள்வேலியருகே ஒரு பந்தாட்டக் களம்

நமது கல்லூரியில் ஒரு பந்தயம் நிகழ்வதற்கு வேண்டுவன யாவை என்று மாணவரை வினவினால், மைதானம், மட்டை, பந்து, நடுவர், எதிர்க்கட்சியார் என்று அடுக்கிச் சொல்லுவர். எதிர்க்கட்சியார் நம் வாயிலை வந்தடைதற்கு எவருடைய இசைவும் வேண்டுவதில்லை; பின்னொரு நாள் நாம் அவர்களூர்க்குச் சென்று மறு ஆட்டம் ஆடுதற்கும் தடையில்லை. காற்றும் நீரும் போல எளிதிற் கிடைப்பனவாதலின் இவ்விரண்டையும் நாம் கணக்கில் வைப்பதில்லை. இரண்டாம் உலக மகாயுத்த காலத்தில், அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஒரு பாடசாலைப் பிள்ளைகளுக்கு மைதானம் இருந்தது, திறமையும் இருந்தது, எளிதிற் கிடைக்கும் இவ்விரண்டுமே இல்லாதிருந்தன. அப்பிள்ளைகள் ஆடிய ஓர் ஆட்டத்தையும், அவர்கட்கு மைதானம் அமைத்துக் கொடுத்த ஒரு மனிதரையும் பற்றி இங்கே கூறப் புகுகின்றேன்.

1941-ஆம் வருஷம் டிசம்பர் 7-ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் ஹவாயித் தீவிலுள்ள பேர்ல் துறைமுகத்தைத் தாக்கின. அமெரிக்கா யுத்தத்தில் இறங்கிற்று. இந்நிலையில் விளையாட்டுப் பந்தயங்களை நடத்துவது தகுமோ என்ற ஐயம் அந்நாட்டில் எழுந்தது. பேஸ்பால் ஆட்டத்தின் தலைமை அதிகாரியாயிருந்த லாண்டிஸ் என்பவர் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு எழுதி வினவினார். 1942 ஜனவரி 15-ஆம் நாள் விடை வந்தது. முன்னினும் நீண்ட நேரம் உழைக்கப் போகும் ஜனங்களுக்குப் பொழுதுபோக்கும் முன்னினும் மிகுதியாக வேண்டும்; ஆதலின் ஆட்டம் தொடர்ந்து நடைபெறுவதே நாட்டிற்கு நலம் என்பது அவ்விடையின் கருத்து. அதற்குச் சரியாக 35-ஆம் நாள், அஃதாவது பிப்ரவரி 19-ஆம் நாள், அதே கை மற்றொரு தாளிலும் ஒப்பமிட்டது. அதுவே 9066-ஆம் எண்ணுள்ள ஆணை. இராணுவ அதிகாரிகள் தாம் குறிக்கும் பிரதேசத்தினின்றும் எவரையும் அகற்றலாம் என்பது அதன் பொருள். அதில் ஜப்பானியர் என்ற சொல் ஓரிடத்தும் இல்லை. ஆயினும் மேற்குக் கரையினின்றும் கூட்டங்கூட்டமாக அகற்றப்பட்டோர் ஜப்பானிய வமிசத்தாரே.

அவர்கள் தொகை ஏறக்குறைய 1,20,000. அவருள் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவிலேயே பிறந்தவர். பிறப்பினாலேயே அந்நாட்டுக் குடிகள். அவர்கள் பெற்றோரோ குடியுரிமை பெறுதற்கு அக்காலச் சட்டம் இடந்தரவில்லை. இவர்கள் குற்றஞ் செய்தனரென்று எந்த நீதிமன்றமும் விசாரித்துத் தீர்ப்புக் கூறவில்லை. கையாற் சுமக்கக்கூடிய அளவு சாமான்களோடு புறப்படும்படி கட்டளை பிறந்தது. நிலத்தையும் கடையையும் வந்த விலைக்கு விற்றனர் பலர். குதிரைப் பந்தய மைதானங்களிலும் பொருட்காட்சித் திடல்களிலும் முதலிற் சில மாதங்கள் அடைக்கப்பட்டனர். சிலருக்குக் குதிரை லாயங்களே இருப்பிடமாயின. பின்னர் மனித சஞ்சாரம் குறைந்த இடங்களில் அமைத்த பத்து முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். கையாற் சுமக்கும் சிறு மூட்டைக்குள்ளும் மட்டையையும் கையுறையையும் வைத்துக் கட்டியவர் உண்டு.

அவ்வாட்டம் நம்மிற் பலர்க்குப் பழக்கமன்றாதலின் சிறிது விளக்குதல் வேண்டும். பேஸ்பால் என்பது கட்சிக்கு ஒன்பதின்மர் ஆடுவது. கிரிக்கெட்டிற் போலவே ஒருவர் எறிய மற்றொருவர் அடிப்பர். விக்கெட்டுகள் இல்லை, அவற்றிற்கு மாறாகச் சாய்சதுரமாக நான்கு தளங்கள் உண்டு. அடித்தவர் அவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுச் சுற்றி மீண்டும் புறப்பட்ட தளத்தை அடைந்தால் ஓர் ஓட்டம். மூவர் ஆட்டமிழந்தவுடன் கட்சி மாறும். இவ்வாறு ஒன்பது முறை ஆடி முடிப்பர். ஓட்டங்கள் சமமாயிருந்தால் வெற்றி தோல்வி துணியும்வரை மேலும் ஆடுவர். சமநிலை என்று கை குலுக்கிப் பிரியும் வழக்கம் இதில் அரிது. ஜப்பானிலும் இவ்வாட்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வேரூன்றிவிட்டமையால், அமெரிக்காவிற் குடியேறிய ஜப்பானியர் அதனைப் புதிதாகக் கற்கவேண்டியதாயிற்றில்லை. கலிபோர்னியாவில் அவர்கள் வாழ்ந்த ஊர்களிலெல்லாம் தமக்கெனக் குழுக்கள் அமைத்து ஆடி வந்தனர்.

கெனிச்சி ஜெனிமுரா என்பவர் அக்குழுக்களை வளர்த்தோருள் தலைசிறந்தவர். 1900-இல் ஹிரோஷிமாவிற் பிறந்து, ஹவாயில் வளர்ந்து, 1920-இல் கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரிற் குடியேறியவர். உயரம் ஐந்தடியே. ஆடுவார், பயிற்றுவார், குழு சேர்ப்பார், மைதானம் திருத்துவார். கடல் கடந்து ஜப்பானுக்கும் குழுக்களை அழைத்துச் சென்றவர். 1927 அக்டோபரில், அமெரிக்காவே கொண்டாடிய பேப் ரூத், லூ கெரிக் என்னும் இரு பெருவீரர்களும் பிரெஸ்னோவுக்கு வந்து ஒரு காட்சியாட்டம் ஆடியபோது, ஜெனிமுராவும் அவருடைய தோழர் மூவரும் அவ்வாட்டத்திற் கலந்துகொண்டனர். அன்று எடுத்த புகைப்படம் ஒன்றுண்டு. மலைபோன்ற அவ்விருவருக்கு நடுவே இவர் பள்ளிப் பையன் போலத் தோன்றுகின்றார். ஆனால் நிற்கும் நிலையிற் சிறிதும் கூச்சமில்லை.

பதினைந்து ஆண்டு கழிந்து அதே பிரெஸ்னோ நகரின் பொருட்காட்சித் திடலில், ஏறக்குறைய 5,000 பேருடன் அவரும் அவர் குடும்பமும் அடைக்கப்பட்டனர். அங்கேயும் ஒரு மைதானம் அமைத்தார். சில மாதங்களில் அரிஸோனா மாகாணத்து ஹீலா ஆற்று முகாமுக்கு அனுப்பப்பட்டார். அது பீமா, மாரிக்கோப்பா என்னும் அமெரிக்க ஆதிக்குடிகளுக்கு உரிய நிலம். அவர்கள் சபை இசையாதிருக்கவும் சர்க்கார் அங்கே முகாம் அமைத்தது. கோடையில் வெப்பம் 110 டிகிரிக்கு மேல் ஏறும். காற்றெழுந்தால் புழுதிப் புயல். கனால், பியூட் என்னும் இரு பகுதிகளாக அமைந்த அம்முகாமில் 13,000-க்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். அவ்வளவு பெரிய ஜனத்தொகை அக்காலத்தில் அம்மாகாணத்திற் சில நகரங்களுக்கே இருந்தது.

அங்கு வந்த சின்னாட்களில் ஜெனிமுரா மண்வெட்டியுடன் பியூட் பகுதியின் எல்லைக்குச் சென்று புதர்களை வெட்டத் தொடங்கினார். அவருடைய புதல்வர் கென்ஸோவும் கென்ஷியும் உடன் சென்றனர். அப்பிள்ளைகட்கு ஹோவார்டு, ஹார்வி என ஆங்கிலப் பெயர்களும் உண்டு. இவர்கள் செய்வதைக் கண்டு அயலாரும் ஒவ்வொருவராக வந்து கைகொடுத்தனர். கல்லும் முள்ளும் அகற்றி, நிலத்தைச் சமன்செய்து, துணி வெளுக்கும் கொட்டகையின் நீர்க்குழாயினின்றும் கிளை பிரித்து நீர் கொணர்ந்து பாய்ச்சி, புழுதி அமரச் செய்து, நடுவே புல்லும் வளர்த்தனர். பார்வையாளர்க்கு மரப்பலகை ஆசனங்கள் வேண்டுமே. மரத்திற்கு எங்கே போவது? முகாமின் முள்வேலிக் கால்களுள் ஒன்றுவிட்டு ஒன்றாக இரவில் மறைந்தன என்று புதல்வர் பிற்காலத்திற் கூறியிருக்கின்றனர். தம்மை அடைத்த வேலியையே ஆட்டங்காணும் ஆசனமாக்கிய இத்திருட்டை அதிகாரிகள் அறியாதிருந்தனர் என்று நம்புவது கடினம். காணாதவர் போல் இருந்தனர் என்பதே பொருத்தமாம். களத்தின் புற எல்லைக்கு மதில் எழுப்ப வகையில்லை. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ என்றபடி, அவர்கள் ஆமணக்கு விதைகளை வரிசையாக ஊன்றினர். அப்பாலையிலும் நீர் பெற்ற ஆமணக்கு ஆளுயரத்திற்கு மேல் வளர்ந்து பச்சை மதிலாயிற்று. தளங்களுக்கு அரிசிச் சாக்கு. கோடிடச் சுண்ணாம்புக்குப் பதிலாக மாவு. மெத்தை உறைத் துணியைக் கிழித்துப் பெண்டிர் தைத்துக் கொடுத்தவையே ஆட்டக்காரரின் உடுப்பு. நம் ஊரிற் கொல்லைப்புறத்துக் குப்பையில் முளைக்கும் செடி ஒரு பந்தாட்டக் களத்திற்கு எல்லையாய் நின்றதென்பதைப் படித்தபோது, அச்செடியின்மேல் எனக்கு ஒரு மதிப்புப் பிறந்தது.

1943 மார்ச்சு 7-ஆம் நாள் அம்மைதானத்தில் முதற் பந்தயம் நிகழ்ந்தது. சிறுவர் முதல் முதியோர் வரை திறமைக்கேற்பப் பிரித்து 30-க்கு மேற்பட்ட குழுக்கள் தோன்றின. முக்கியமான ஆட்டங்களுக்கு ஆயிரக்கணக்கில் ஜனம் கூடிற்று. பார்வையாளரிடம் வசூலித்த காசிலேயே மட்டையும் பந்தும் வாங்கினர். முகாமில் உழைப்போர்க்கு மாதச் சம்பளம் 12 டாலர் முதல் 19 டாலர் வரையே என்பதையும், வைத்தியர்க்கும் 19-க்கு மேல் இல்லை என்பதையும் நினைத்தால் அக்காசின் அருமை விளங்கும். 1944-இல் இக்குழுவினர் தொலைவிலுள்ள வையோமிங் மாகாணத்து ஹார்ட் மவுண்டன் முகாமுக்கும் சென்று ஆடிவந்தனர்.

நிற்க. இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை கூறவேண்டும். விளையாட்டை முகாம் அதிகாரிகளும் விரும்பினர். வேலையின்றித் திரியும் இளைஞர் மனத்தில் சினம் மூளாதிருக்க அது உதவும் என்பது அவர்கள் கணக்கு. மேலும், உடுப்பணிந்து புன்னகையோடு வரிசையாய் நிற்கும் ஆட்டக்காரரின் படங்கள், முகாமில் யாவரும் சுகமே என்று வெளியுலகுக்குக் காட்டுதற்கும் பயன்பட்டன. ஆதலின் அப்படங்களைக் காணுவோர் ஏமாறுதல் கூடாது. ஆட்டக்காரர் அடைந்த மகிழ்ச்சி மெய். அதனால் அடைத்தவர் குற்றம் அணுவளவும் குறைவதில்லை.

ஹார்ட் மவுண்டன் முகாமில் நிகழ்ந்தது இதற்குச் சான்றாகும். அங்குள்ள உயர்தரப் பாடசாலையின் கால்பந்துக் குழு—அமெரிக்கரின் கால்பந்து, கையாலும் பந்தை ஏந்தி ஓடுவது—1943-இல் அக்கம்பக்கத்து வெள்ளையர் பாடசாலைக் குழுக்களுடன் மோதி ஓர் ஆட்டமும் தோற்கவில்லை. அடுத்த ஆண்டு ஜனவரியில், முகாம் இளைஞரையும் கட்டாயமாகப் படையிற் சேர்ப்பது என்று சர்க்கார் முடிவு செய்தது. தாய் தந்தையரை வேலிக்குள் வைத்துவிட்டு அந்நாட்டின் சுதந்தரத்திற்காகப் போர்க்களம் புகும்படி ஓலை வந்தது. பலர் சென்றனர், சிலர் உயிரும் கொடுத்தனர். எம் உரிமையை முதலில் மீட்டுத் தருக, பின்னர் வருகின்றோம் என்று மறுத்தவரும் உண்டு; அம்முகாமைச் சார்ந்த 63 பேர் ஒரே வழக்கில் விசாரிக்கப்பட்டுச் சிறை சென்றனர். 1947-இல் ஜனாதிபதி ட்ரூமன் அவர்கட்கு மன்னிப்பளித்தார். ஒரே குழுவில் தோளோடு தோள் நின்ற பிள்ளைகளே இவ்விரு வழியாகவும் பிரிந்தனர். எவர் செய்தது சரி என்று அறுதியிட்டுக் கூற நான் துணியேன்.

மீண்டும் ஹீலா ஆற்றுக்கு வருவோம். பியூட் பகுதியிலிருந்த உயர்தரப் பாடசாலைக்கு 1945-இல் பேஸ்பால் பயிற்சியாளர் ஜெனிமுராவே. அவ்வாண்டில் அவர் தமது பிள்ளைகட்கு ஏற்ற எதிரியாகத் தேடிக்கொண்டது டூசான் நகர உயர்தரப் பாடசாலைக் குழுவை. அக்குழு மாகாணத்தின் வெற்றிக் குழு. அதன் பயிற்சியாளர் ஹாங்க் ஸ்லேகில் அழைப்பை ஏற்றார். யுத்தம் முடியவில்லை, பசிபிக் தீவுகளில் ஜப்பானியரோடு பொருது அமெரிக்க இளைஞர் நாடோறும் மடிந்துகொண்டிருந்த சமயம். பெட்ரோலும் டயரும் பங்கீட்டில் இருந்தமையால் பாடசாலைக் குழுக்கள் தொலைவு செல்வதே அருகியிருந்தது. அக்காலத்தில் அவர் தம் மாணவரை அழைத்துக்கொண்டு பாலைவழியே முகாமுக்கு வந்தது சிறிய காரியமன்று. இவ்வரலாற்றில் ஜெனிமுராவுக்கு அடுத்தபடியாக என் வணக்கம் அவருக்கே.

ஆட்டம் நடந்த நாள் 1945 ஏப்ரல் 18. இரண்டு தாள்களிலும் ஒப்பமிட்ட ரூஸ்வெல்ட் அதற்கு ஆறு நாள் முன்னர்தான் காலமாயிருந்தார். ஒன்பது இன்னிங்ஸும் முடிந்தபோது இரு கட்சிக்கும் பத்துப் பத்து ஓட்டங்கள். பத்தாவது இன்னிங்ஸில் பியூட் பிள்ளைகள் மூன்று தளங்களிலும் ஆளை நிறுத்திவிட்டனர். அப்போது மட்டையேந்தி நின்றவன் பயிற்சியாளரின் மகன் ஹார்வி. அவன் அடித்த அடியில் ஓர் ஓட்டம் வந்தது. 11-க்கு 10. மாகாணத்தின் வெற்றிக் குழு, வேலிக்கால்களாற் கட்டிய ஆசனங்களின் முன்னே தோற்றது.

அன்று அக்களத்தில் எறிந்த பந்து எவ்வமிசத்தான் எறிந்தது என்று நடுவர் கேட்கவில்லை. மூவர் ஆட்டமிழந்தால் கட்சி மாறும் என்ற விதி இரு கட்சிக்கும் ஒன்றே. மூன்றாண்டுகளாக விசாரணையின்றி அடைபட்டிருந்த அப்பிள்ளைகட்கு, ஒரே விதி யாவர்க்கும் செல்லும் இடமாக வாய்த்தது அச்சாய்சதுரம் ஒன்றுதான். முகாம் வாசிகள் மட்டும் தம்முள் ஆடிய நூற்றுக்கணக்கான ஆட்டங்களைவிட இவ்வோராட்டம் நினைவில் நின்றதற்குக் காரணம் வெற்றி மட்டுமன்று. வெளியிலிருந்து ஒரு பாடசாலை வந்து, நீங்களும் ஒரு பாடசாலையே என்று ஒப்புக்கொண்டதே காரணம் என்று கருதுகின்றேன்.

டூசானில் மறு ஆட்டம் நடைபெறவில்லை. மேற்குக் கரைக்குத் திரும்பத் தடையில்லை என்ற ஆணை அவ்வாண்டு ஜனவரியிலேயே நடைமுறைக்கு வந்திருந்தும், முகாம் பிள்ளைகள் அந்நகரத்து மைதானத்தில் இறங்கும் நாள் வரவேயில்லை. ஆகஸ்டு 6-ஆம் நாள் ஜெனிமுரா பிறந்த ஹிரோஷிமாவின்மேல் அணுகுண்டு வீழ்ந்தது. யுத்தம் முடிந்து நவம்பரில் பியூட் முகாம் மூடப்பட்டது. அவர் பிரெஸ்னோவுக்குத் திரும்பி மீண்டும் குழு சேர்க்கத் தொடங்கினார். 1953-இல் ஹோவார்டும் ஹார்வியும் கப்பலேறி ஜப்பான் சென்று, தந்தையின் ஊராகிய ஹிரோஷிமாவின் கார்ப் குழுவிற் சேர்ந்து ஆடினர். தந்தை 1968-இல் மோட்டார் விபத்தொன்றில் மாண்டார். முகாம்களில் அடைத்தது அநீதி என்று அமெரிக்க சர்க்கார் ஒப்பி, உயிரோடிருந்தவர்க்கு ஆளுக்கு 20,000 டாலர் கொடுக்கச் சட்டமியற்றியது 1988-இல். அப்போது அவர் இறந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஹீலா ஆற்றங்கரை நிலம் அதற்குரிய ஆதிக்குடிகளிடமே இருக்கின்றது. அவர்கள் இசைவு பெற்றுச் செல்வோர் அங்கே கட்டிடங்களின் சிமெண்டு அடித்தளங்களைக் காணலாம்.