நாட்குறிப்பு: சொல்ல முடியாததைச் சொல்ல ஓர் இடம்

டைரி என்றாலே நம் வீடுகளில் பால் கணக்கும் சீட்டுப் பணம் கட்டிய தேதியும்தான். மனதில் உள்ளதை அதில் எழுதலாம் என்று பலருக்குத் தோன்றுவதே இல்லை.

வீடு நிறைய ஆட்கள் இருந்தும் சொல்ல ஆள் இல்லாத நிலை நமக்குப் புதிதல்ல. கணவர் வளைகுடாவில் இருக்க, மாமியார் வீட்டில் இருக்கும் பெண் தன் மனக்குறையை உம்மாவிடம் சொன்னால் அவர் உடைந்து போவார். தோழியிடம் சொன்னால் தெருவுக்கே தெரிந்துவிடும். போனில் கணவரிடம் சொன்னால் அவர் அங்கே சாப்பிடாமல் படுத்துக்கொள்வார். அந்தக் கணவருக்கும் இதே நிலைதான்.

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தினம் 15 நிமிடம் வீதம் 4 நாட்கள் எழுதினார்கள். தங்களை மிகவும் பாதித்த சம்பவத்தை எழுதியவர்களுக்கு அப்போதைக்கு மனம் கனத்தது. ஆனால் நடந்ததையும் அது தந்த வலியையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் மருத்துவரிடம் போவது குறைந்தது. பிறகு வந்த ஆய்வுகளில் பலன் சிறிதாகவே தெரிகிறது, எல்லோருக்கும் கிடைப்பதுமில்லை.

மனதிற்குள் சுற்றும் கவலைக்கு முன்பின் கிடையாது. எழுத உட்கார்ந்தால் முதலில் என்ன நடந்தது என்று யோசித்தாக வேண்டும். "இந்த வீட்டில் யாரும் என்னை மதிப்பதில்லை" என்று தொடங்கியது, நான்காவது வரியில் "நாத்தனார் கல்யாணப் பேச்சுக்கு என்னைக் கூப்பிடவில்லை" என்று சுருங்கிவிடும். அதை ஒருவரிடம் நேரில் கேட்கலாம். முன்னதைக் கேட்க முடியாது.

இது மேற்கத்திய பழக்கம் என்று நினைக்க வேண்டாம். பதினோராம் நூற்றாண்டு பாக்தாதில் வாழ்ந்த ஹன்பலி அறிஞர் இப்னுல் பன்னா தம் கைப்பட எழுதிய நாட்குறிப்பின் ஒரு பகுதி இன்றும் இருக்கிறது. ஊர்ச் சண்டைகள், மரணச் செய்திகளோடு தாம் கண்ட கனவுகளையும் அவர் அதில் குறித்திருக்கிறார்.

நம் வீடுகளில் உண்மையான சிக்கல் எழுதுவதில் இல்லை, படிக்கப்படுவதில் இருக்கிறது. மகளின் நோட்டை நல்லெண்ணத்தில்தான் பெற்றோர் புரட்டுகிறார்கள். ஆனால் துருவித் துருவி ஆராய்வதை சூரா அல்ஹுஜுராத் தடுக்கிறது. பிள்ளைகள் விஷயத்தில் அதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். ஒருமுறை பிடிபட்ட பிள்ளை அதன்பின் எழுதாது, அல்லது நீங்கள் படிப்பதற்காகவே எழுதும். கவலை இருந்தால் கேளுங்கள், நோட்டைத் தொடாதீர்கள்.

எழுதுபவர்கள் பெயர்களுக்குப் பதில் முதல் எழுத்தைப் போடலாம். எழுதி முடித்துக் கிழித்துப் போட்டாலும் தவறில்லை. ஒரே வேதனையை வாரக்கணக்கில் எழுதியும் பாரம் கூடிக்கொண்டே போனாலோ, வாழவே பிடிக்கவில்லை என்று கை எழுதினாலோ, நோட்டு போதாது. வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் அன்றே சொல்லி மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் 14416 என்ற அரசின் டெலி மானஸ் இலவச எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.